முடுக்கக் கணக்குகளும் எறிபொருள் கணக்குகளும்: எங்கிருந்து தொடங்குவது?

இயற்பியல் படிக்கத் தொடங்கும் மாணவர்களை முதலில் திணறடிப்பது இயக்கக் கணக்குகள்தான். இருப்பது மூன்றே சமன்பாடுகள், மூன்றும் மனப்பாடம். ஆனாலும் கேள்வியைப் பார்த்ததும் எதை எடுப்பது, எந்த எண்ணை எங்கே போடுவது என்று கை நின்றுவிடுகிறது. கண்ணில் பட்ட எண்களை ஒரு சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பது, விடை ஒத்துவரவில்லை என்றால் அடுத்ததற்குத் தாவுவது என்றே பலரும் பழகிவிடுகிறார்கள்.

இந்தக் கணக்குகளில் பாதிக்கு மேற்பட்ட வேலை சமன்பாட்டைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும் என்பது என் கருத்து. எந்தத் திசையை நேர்த்திசையாக (பிளஸ் குறித் திசையாக) வைத்துக்கொள்கிறோம்? எந்த இடத்திலிருந்து அளக்கிறோம்? எந்தக் கணத்தில் தொடங்கி எந்தக் கணத்தில் நிறுத்துகிறோம்? இந்த மூன்றையும் தாளில் எழுதிவிட்டால் மிச்சம் இருப்பது கூட்டலும் பெருக்கலும்தான். எழுதாமல் விட்டால் எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டாலும் எங்கோ ஒரு மைனஸ் குறி காலை வாரிவிடும்.

சீரான முடுக்கம் என்றால் என்ன?

நின்றுகொண்டிருக்கும் ஒரு வண்டி புறப்படுகிறது. 1 வினாடி முடிவில் அதன் வேகம் வினாடிக்கு 3 மீட்டர், 2 வினாடி முடிவில் 6, 3 வினாடி முடிவில் 9. ஒவ்வொரு வினாடியும் வேகம் அதே 3 மீ/வி அளவுக்குக் கூடுகிறது. இதுதான் சீரான முடுக்கம், அதன் அளவு 3 மீ/வி². அலகில் இருக்கும் அந்த வர்க்கத்தைப் பார்த்து மிரள வேண்டாம். 'வினாடிக்கு இத்தனை மீட்டர்' என்ற வேகம் வினாடிதோறும் எவ்வளவு மாறுகிறது என்பதன் சுருக்கம் அது, அவ்வளவுதான்.

திசையையும் சேர்த்துச் சொன்னால் வேகம் திசைவேகம் ஆகிறது. வலப்பக்கத்தை நேர்த்திசை என்று வைத்தால், இடப்பக்கம் 5 மீ/வி வேகத்தில் போகும் பொருளின் திசைவேகம் −5 மீ/வி. முடுக்கத்துக்கும் இதே போலத் திசை உண்டு. முடுக்கம் எதிர்க்குறியில் இருந்தால் பொருள் மெதுவாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியில் இருந்தால் வேகம் கூடும், வெவ்வேறு குறியில் இருந்தால் குறையும். இடப்பக்கம் போகும் பொருளுக்கு முடுக்கமும் இடப்பக்கமே என்றால் இரண்டுக்கும் எதிர்க்குறிதான், ஆனால் வேகம் கூடிக்கொண்டே போகும்.

இப்போது ஒரு வரைபடம் வரைவோம். கிடையாக நேரம், மேல்நோக்கித் திசைவேகம். முடுக்கம் சீரானது என்றால் கிடைப்பது ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டின் சாய்வு முடுக்கம், கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பளவு இடப்பெயர்ச்சி (தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் வரை, திசையோடு சேர்த்துச் சொல்லும் தூரம்). அந்தப் பரப்பு ஒரு சரிவகம் என்பதால், தொடக்கத் திசைவேகத்தையும் இறுதித் திசைவேகத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து நேரத்தால் பெருக்கினால் போதும். அதாவது:

இடப்பெயர்ச்சி = சராசரித் திசைவேகம் × நேரம்

இந்த ஒரு வரிதான் மற்ற எல்லாவற்றுக்கும் தாய். இது கலிலியோவுக்கும் முந்தையது. 14ஆம் நூற்றாண்டிலேயே ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அதே நூற்றாண்டில் பிரான்சைச் சேர்ந்த நிக்கோல் ஓரெம், நாம் மேலே செய்தது போலவே படம் வரைந்து விளக்கினார். நியூட்டனின் நுண்கணிதம் பிறப்பதற்கு முன்னூறு ஆண்டுகள் இருந்தபோதே, கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைத் தூரம் என்று ஒருவர் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

சரி, இதிலிருந்து பாடநூலில் வரும் மூன்று சமன்பாடுகள்:

இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × நேரம்

இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்²

இறுதித் திசைவேகம்² = தொடக்கத் திசைவேகம்² + 2 × முடுக்கம் × இடப்பெயர்ச்சி

முதல் சமன்பாடு முடுக்கத்தின் வரையறையேதான். அதைச் சராசரிச் சமன்பாட்டில் போட்டால் இரண்டாவது வரும், இரண்டையும் சேர்த்து நேரத்தை நீக்கினால் மூன்றாவது வரும். ஒருமுறையாவது இதை உங்கள் கையால் செய்து பாருங்கள். அப்புறம் மறந்துபோனாலும் இரண்டு நிமிடத்தில் திரும்ப எடுத்துவிடலாம்.

எந்தச் சமன்பாட்டை எடுப்பது என்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. இங்கே மொத்தம் ஐந்து அளவுகள்: தொடக்கத் திசைவேகம், இறுதித் திசைவேகம், முடுக்கம், நேரம், இடப்பெயர்ச்சி. ஐந்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். தெரிந்ததற்கு நேரே எண், கேட்டதற்கு நேரே கேள்விக்குறி. பெரும்பாலும் ஒன்று மட்டும் கொடுக்கப்படாமலும் கேட்கப்படாமலும் தனியாக நிற்கும். அந்த அளவு இடம்பெறாத சமன்பாடுதான் உங்களுக்கு வேண்டியது. நேரம் பற்றிப் பேச்சே இல்லையா, மூன்றாவது. இறுதித் திசைவேகம் தேவையில்லையா, இரண்டாவது. இடப்பெயர்ச்சி தேவையில்லையா, முதலாவது.

பிரேக் பிடித்த கார்

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் பிரேக் பிடிக்கிறது. அதன் வேகம் வினாடிக்கு 5 மீ/வி வீதம் குறைகிறது. எவ்வளவு தூரம் போய் நிற்கும்?

முதல் வேலை அலகு. 72 கி.மீ. என்பது 72,000 மீட்டர், ஒரு மணி என்பது 3,600 வினாடி. வகுத்தால் 20 மீ/வி. மணிக் கணக்கில் உள்ள கிலோமீட்டரை 3.6 ஆல் வகுக்க வேண்டும் என்று நினைவில் வைத்தால் போதும்.

கார் போகும் திசையை நேர்த்திசையாக வைப்போம். பிரேக் பிடித்த கணத்தில் தொடங்கி, கார் நின்ற கணத்தில் முடிக்கிறோம். தொடக்கத் திசைவேகம் 20, இறுதித் திசைவேகம் 0, முடுக்கம் −5, கேட்டது இடப்பெயர்ச்சி. நேரம் தனியாக நிற்கிறது, ஆகவே மூன்றாவது சமன்பாடு. 0 = 400 − 10 × தூரம். விடை 40 மீட்டர்.

வேகத்தை இரட்டிப்பாக்கி 40 மீ/வி என்று போட்டால்? 1600 ÷ 10 = 160 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, நிற்கும் தூரமோ நான்கு மடங்கு. ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பதற்கு முன் 1 வினாடி தாமதித்தால் அந்த நேரத்தில் கார் பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும், அந்தத் தூரத்தையும் சேர்க்க வேண்டும். 20 மீ/வி வேகத்தில் அது இன்னும் 20 மீட்டர். ஆக, ஆபத்தைக் கண்ட இடத்திலிருந்து 60 மீட்டர் தள்ளித்தான் கார் நிற்கிறது. இது வெறும் தேர்வுக் கணக்கு அல்ல.

இதே கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. "பிரேக் பிடித்து 6 வினாடி கழித்துக் கார் எங்கே இருக்கும்?" என்று கேட்டால், இரண்டாவது சமன்பாட்டில் போட்டுப் பார்க்கத்தான் தோன்றும். 20 × 6 − ½ × 5 × 36 = 120 − 90 = 30 மீட்டர். ஆனால் கார் நிற்கவே 40 மீட்டர் ஆகும் என்று இப்போதுதானே பார்த்தோம்? 6 வினாடியில் எப்படி 30 மீட்டரில் இருக்கும்?

சமன்பாட்டுக்கு அது பிரேக் என்று தெரியாது. −5 மீ/வி² முடுக்கம் நிற்காமல் தொடர்கிறது என்றே அது எடுத்துக்கொள்ளும். 4ஆம் வினாடியில் நின்ற கார், அதன் கணக்கில், பின்னோக்கி ஓடத் தொடங்குகிறது. நிஜத்தில் கார் நின்ற கணத்திலேயே முடுக்கமும் சுழியாகிவிடுகிறது. சரியான விடை 40 மீட்டர்தான். சீரான முடுக்கச் சமன்பாடுகள் முடுக்கம் மாறாமல் இருக்கும் வரைதான் செல்லும், அந்த எல்லை எங்கே முடிகிறது என்று பார்ப்பது நம் பொறுப்பு. தொடக்கக் கணத்தையும் முடிவுக் கணத்தையும் எழுதி வையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

துரத்திப் பிடிப்பது

ஒரு பேருந்து 10 மீ/வி என்ற மாறாத வேகத்தில் வருகிறது. அது கடந்துபோகும் அதே கணத்தில், நின்றிருந்த கார் ஒன்று 2 மீ/வி² முடுக்கத்தோடு புறப்படுகிறது. எப்போது பிடிக்கும்?

இரண்டு பொருள்கள் வரும் கணக்குகளில் இரண்டுக்கும் ஒரே தொடக்கப் புள்ளி, ஒரே கடிகாரம். பேருந்து போன தூரம் 10 × நேரம். கார் போன தூரம் ½ × 2 × நேரம்², அதாவது நேரத்தின் வர்க்கம். பிடிக்கும்போது இரண்டும் சமம், எனவே நேரம் 10 வினாடி, தூரம் 100 மீட்டர். (நேரம் 0 என்பதும் ஒரு விடைதான், இரண்டும் சேர்ந்து இருந்த தொடக்கக் கணம் அது.) அப்போது காரின் வேகம் 20 மீ/வி, சரியாகப் பேருந்தின் இரண்டு மடங்கு.

முடுக்கத்தை 1 என்று மாற்றிப் பாருங்கள், 3 என்று மாற்றிப் பாருங்கள். பிடிக்கும் நேரம் மாறும், தூரம் மாறும், காரின் வேகம் மட்டும் அந்தக் கணத்தில் எப்போதும் 20 தான். ஏன்? ஒரே நேரத்தில் ஒரே தூரம் என்றால் சராசரி வேகமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? சுழியில் தொடங்கிய காருக்குச் சராசரி 10 வரவேண்டும் என்றால் இறுதி வேகம் 20 ஆகத்தான் இருக்க முடியும். தாய்ச் சமன்பாட்டை மனதில் வைத்திருப்பவர்களுக்கு இந்த விடை பேனா எடுக்காமலே வரும்.

கீழே விழும் பொருள்

பூமியின் பரப்புக்கு அருகில், காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், எல்லாப் பொருள்களும் ஏறக்குறைய 9.8 மீ/வி² முடுக்கத்தோடு விழுகின்றன. நிலநடுக்கோட்டில் சுமார் 9.78, துருவங்களில் சுமார் 9.83. பூமியின் சுழற்சியும், அது துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதும் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். கணக்கு எளிதாக இருக்க, இந்தக் கட்டுரையில் 10 என்றே வைத்துக்கொள்கிறேன்.

விழும் பொருளை நேரடியாக அளப்பது கலிலியோவின் காலத்தில் முடியாத காரியம். கையிலிருந்த கடிகாரங்களுக்கு அந்த வேகம் எட்டாது. அதனால் அவர் சாய்தளத்தில் உருண்டையை உருட்டி இயக்கத்தை மெதுவாக்கினார். ஒரு பாத்திரத்திலிருந்து ஒழுகிய நீரை எடைபோட்டு நேரத்தை அளந்தார். சமமான நேர இடைவெளிகளில் உருண்டை கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் இருப்பதை 1638இல் வெளியான தன் நூலில் எழுதினார். நம் எண்களிலேயே சரிபார்க்கலாம்: ஓய்விலிருந்து விழும் கல் 1 வினாடி முடிவில் 5 மீட்டர், 2 வினாடி முடிவில் 20, 3 வினாடி முடிவில் 45. ஒவ்வொரு வினாடியிலும் தனித்தனியாக விழுந்தது 5, 15, 25. அதே 1, 3, 5.

எடைக்கும் இந்த முடுக்கத்துக்கும் தொடர்பில்லை என்பதைக் காற்றே இல்லாத நிலவில் 1971இல் அப்போலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் செய்து காட்டினார். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் இறகு. இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டார், இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

இப்போது நல்ல கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 25 மீட்டர் உயரக் கட்டடத்தின் விளிம்பிலிருந்து ஒரு பந்தை 20 மீ/வி வேகத்தில் நேர் மேலே எறிகிறோம். அது திரும்பி வந்து, கட்டடத்தைத் தாண்டிக் கீழே தரையில் விழுகிறது. எத்தனை வினாடி ஆகும்?

பெரும்பாலோர் இதை இரண்டாக வெட்டுவார்கள்: மேலே போகும் பயணம், கீழே வரும் பயணம். அது தவறில்லை. ஆனால் வெட்டத் தேவையில்லை. மேலே போகும்போதும் கீழே வரும்போதும் முடுக்கம் அதே 10 மீ/வி², அதே கீழ்நோக்கிய திசை. முடுக்கம் மாறாதபோது பயணம் ஒன்றுதான்.

மேல்நோக்கிய திசை நேர்த்திசை. கை இருக்கும் இடம் சுழி. தொடக்கத் திசைவேகம் +20, முடுக்கம் −10. தரை கைக்கு 25 மீட்டர் கீழே இருக்கிறது, எனவே இடப்பெயர்ச்சி −25. பந்து மேலே எவ்வளவு போய் வந்தது என்பது இடப்பெயர்ச்சிக்கு வேண்டாத கதை. தொடங்கிய இடமும் முடிந்த இடமும் மட்டுமே அதற்குத் தெரியும்.

−25 = 20 × நேரம் − 5 × நேரம்²

ஐந்தால் வகுத்து ஒழுங்குபடுத்தினால், நேரம்² − 4 × நேரம் − 5 = 0. இந்த இருபடிச் சமன்பாட்டின் விடைகள் 5, −1. நமக்கு வேண்டியது 5 வினாடி.

வெட்டியும் சரிபார்ப்போம். மேலே போக 2 வினாடி, அதில் ஏறும் உயரம் 20 மீட்டர். உச்சியிலிருந்து தரைக்கு 45 மீட்டர், அதை விழுந்து கடக்க 3 வினாடி. மொத்தம் 5. பொருந்துகிறது.

அந்த −1 என்ன? பெரும்பாலும் 'நேரம் எதிர்க்குறியில் வராது' என்று சொல்லி அடித்துவிடுவார்கள். அதைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் அழகான பொருள் ஒன்று இருக்கிறது. பந்தைக் கட்டடத்தின் மேலிருந்து எறியாமல், அதற்கு 1 வினாடி முன்பு தரையிலிருந்து யாரோ எறிந்திருந்தால், சரியாக அந்தக் கணத்தில் அது நம் கையருகே 20 மீ/வி வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்கும். தரையில் அதன் வேகம் 20 + 10 = 30 மீ/வி. நம் பந்து தரையில் விழும்போது அதன் திசைவேகம் 20 − 50 = −30 மீ/வி. புறப்பட்டிருக்கக்கூடிய அதே வேகத்தில்தான் விழுகிறது. கட்டடம் என்ற ஒன்று இருப்பது சமன்பாட்டுக்குத் தெரியாது. முழுப் பாதையையும் அது காட்டிவிடுகிறது, அதில் எந்தப் பகுதி நடந்தது என்று தேர்ந்தெடுப்பது நாம்தான்.

உச்சிப் புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே திசைவேகம் சுழி, ஆனால் முடுக்கம் சுழி அல்ல. முடுக்கமும் சுழியாகியிருந்தால் பந்து அங்கேயே அந்தரத்தில் நின்றுவிடும். மேலே போகும் பந்தை ஒரு விசை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது என்ற நினைப்பு நம் எல்லோருக்கும் எங்கோ ஒட்டியிருக்கிறது. அதனால்தான் இது குழப்புகிறது. கையை விட்ட கணத்திலிருந்து பந்தின் மேல் இருப்பது ஈர்ப்பு ஒன்றே.

இரண்டு கணக்கு, ஒரு கடிகாரம்

எறிபொருள், அதாவது எறிந்த பின் ஈர்ப்பு மட்டும் இழுக்கப் பறக்கும் பொருள், என்றதும் புதிய பாடம் என்று பயப்படுகிறார்கள். புதிதாக இங்கே ஒன்றே ஒன்றுதான்: கிடைத்தள இயக்கமும் செங்குத்து இயக்கமும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. ஈர்ப்பு கீழ்நோக்கி மட்டுமே இழுக்கிறது. பக்கவாட்டில் எந்த விசையும் இல்லை, எனவே கிடைத்தளத் திசைவேகம் கடைசி வரை மாறாது. செங்குத்தாக நடப்பது நாம் மேலே போட்ட அதே கணக்கு. இரண்டையும் இணைப்பது நேரம் மட்டும்தான். அதனால் தாளின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் கிடைத்தளம், வலப்பக்கம் செங்குத்து. ஒரு பக்கத்து எண் மறு பக்கத்துக்குத் தாண்டவே கூடாது, நேரத்தைத் தவிர. எறிபொருள் கணக்கில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் கோட்டைத் தாண்டியதால் வருபவை.

1.25 மீட்டர் உயர மேசையின் விளிம்பிலிருந்து ஒரு கோலிக்குண்டு 3 மீ/வி வேகத்தில் கிடையாக உருண்டு விழுகிறது. செங்குத்துப் பக்கம்: தொடக்கத் திசைவேகம் 0 (இங்கே 3 ஐப் போட்டுவிடாதீர்கள்), 1.25 = 5 × நேரம்², நேரம் 0.5 வினாடி. கிடைத்தளப் பக்கம்: 3 × 0.5 = 1.5 மீட்டர். மேசைக்கு 1.5 மீட்டர் தள்ளி விழும். 3 மீ/வி வேகத்தில் உருண்டாலும் 30 மீ/வி வேகத்தில் சுண்டினாலும் தரையைத் தொட அதே அரை வினாடிதான். மேசை விளிம்பிலிருந்து வெறுமனே நழுவவிட்ட இன்னொரு குண்டும் அதோடு ஒன்றாகவே தரையைத் தொடும். ஒரு மேசையும் இரண்டு நாணயங்களும் இருந்தால் போதும்: ஒன்றைச் சுண்டிவிட்டு மற்றதை அதே நேரத்தில் விளிம்பிலிருந்து தள்ளிவிட்டால், தரையில் ஒரே சத்தமாகக் கேட்கும்.

கோணத்தில் எறிந்தால், முதலில் வேகத்தை இரண்டு கூறுகளாகப் பிரிக்க வேண்டும். கோணம் தரையிலிருந்து அளக்கப்பட்டால், கிடைத்தளக் கூறு வேகம் × கொசைன், செங்குத்துக் கூறு வேகம் × சைன். 25 மீ/வி வேகத்தில் சுமார் 37° கோணத்தில் எறிந்த பந்துக்குக் கொசைன் 0.8, சைன் 0.6. கூறுகள் 20, 15. பிரித்த பின் அந்த 25 ஐயும் 37 ஐயும் மறந்துவிடுங்கள். இனி அவை வேண்டாம்.

செங்குத்துத் திசைவேகம் 15 என்பது சுழியாக 1.5 வினாடி. ஏறும் உயரம், சராசரி 7.5 × 1.5 = 11.25 மீட்டர். இறங்கவும் அதே 1.5 வினாடி. மொத்தம் 3 வினாடி. அதில் கிடையாகப் போவது 20 × 3 = 60 மீட்டர்.

40 மீட்டர் தொலைவில் 8 மீட்டர் உயரச் சுவர் ஒன்று இருந்தால், பந்து அதைத் தாண்டுமா? சுவரை அடைய 40 ÷ 20 = 2 வினாடி. அப்போது உயரம் 15 × 2 − 5 × 4 = 10 மீட்டர். 2 மீட்டர் இடைவெளியில் தாண்டிவிடும். அந்தக் கணத்தில் செங்குத்துத் திசைவேகம் 15 − 20 = −5. பந்து இறங்கிக்கொண்டே சுவரைத் தாண்டுகிறது. 'தாண்டுமா' என்று கேட்கும் எந்தக் கேள்விக்கும் வழி இதுதான்: கிடைத்தளப் பக்கத்திலிருந்து நேரத்தை எடு, செங்குத்துப் பக்கத்தில் அதைப் போடு.

அதே பந்தை 53° கோணத்தில் எறிந்தால் கூறுகள் இடம் மாறிவிடும்: கிடையாக 15, செங்குத்தாக 20. பறக்கும் நேரம் 4 வினாடி, வீச்சு (கிடையாகப் போய் விழும் தூரம்) மறுபடியும் 60 மீட்டர். ஒன்று வேகமாகத் தாழப் பறந்தது, மற்றது மெதுவாக உயரப் பறந்தது, விழுந்தது ஒரே இடத்தில். கூட்டினால் 90° வரும் எந்த இரண்டு கோணங்களுக்கும் இது பொருந்தும். நடுவில் இருக்கும் 45° தான் அதிகபட்ச வீச்சைத் தரும்: வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் 625 ÷ 10 = 62.5 மீட்டர்.

வீச்சுக்கென்று பாடநூலில் தனிச் சூத்திரம் உண்டு: வேகம்² × சைன்(2 × கோணம்) ÷ புவியீர்ப்பு முடுக்கம். அதை மனப்பாடம் செய்வதை நான் ஊக்குவிப்பதில்லை. புறப்பட்ட உயரத்திலேயே விழுந்தால்தான் அது செல்லும். அந்த நிபந்தனையை மறந்து மேசையிலும் கட்டடத்திலும் அதைப் போடுபவர்கள் நிறைய. கோடு போட்டுப் பிரிக்கும் முறையோ எங்கும் வேலை செய்யும். காற்றுத் தடை பெரிதாக இருக்கும் இடங்களுக்கு மட்டும் இரண்டுமே செல்லாது. இறகுப்பந்து நம் கணக்குகள் தரும் பரவளையம் என்ற சமச்சீரான வளைகோட்டில் பறக்காது, ஏறிய பாதையைவிட மிகச் செங்குத்தாக இறங்கும்.

கடைசியாக, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு கணக்கு. 20 மீட்டர் உயர மொட்டைமாடியின் விளிம்பிலிருந்து அதே 25 மீ/வி வேகத்தில், ஒருமுறை 37°, ஒருமுறை 53° கோணத்தில் மேல்நோக்கி எறிகிறோம். இரண்டும் இப்போதும் ஒரே இடத்தில் விழுமா?

37° க்கு: −20 = 15 × நேரம் − 5 × நேரம்². நேரம் 4 வினாடி. தூரம் 20 × 4 = 80 மீட்டர்.

53° க்கு: −20 = 20 × நேரம் − 5 × நேரம்². நேரம் 2 + 2√2, சுமார் 4.83 வினாடி. தூரம் 15 × 4.83, சுமார் 72.4 மீட்டர்.

விழாது. உயரத்திலிருந்து எறியும்போது தாழ்ந்த கோணம் முந்திக்கொள்கிறது. 45° இல் எறிந்தால்கூட சுமார் 78.4 மீட்டர்தான் வரும், 37° க்குக் கீழேதான் அது நிற்கிறது. தலைக்கு ஏறக்குறைய சமமான உயரத்திலிருந்து குண்டை விடும் குண்டு எறிதல் வீரர்களும் 45° ஐவிடக் குறைந்த கோணத்தில்தான் எறிகிறார்கள். அவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: கோணம் கூடக்கூட, கையால் கொடுக்க முடிகிற வேகம் குறைகிறது.

தரையைத் தொடும்போது இரண்டு பந்துகளின் வேகம்? 37° பந்துக்குச் செங்குத்துத் திசைவேகம் 15 − 40 = −25, கிடைத்தளம் 20. வர்க்கங்களின் கூட்டல் 625 + 400 = 1025. 53° பந்துக்குச் செங்குத்துத் திசைவேகம் −20√2, கிடைத்தளம் 15. கூட்டல் 800 + 225 = 1025. விழும் இடம் வேறு, நேரம் வேறு, தரையைத் தொடும் வேகம் மட்டும் அதே √1025, சுமார் 32 மீ/வி. மூன்றாவது சமன்பாட்டைச் செங்குத்துப் பக்கத்தில் எழுதி, கிடைத்தள வேகத்தின் வர்க்கத்தை இருபுறமும் கூட்டிப் பாருங்கள். கோணம் எங்கே காணாமல் போகிறது என்பது தெரியும்: 25² + 2 × 10 × 20.